எங்கள் ஊரை நேசித்தவர்

கொல்கத்தா நெடுஞ்சாலையில் புதுவாயல் கூட்டுரோட்டைக் கடக்கும்போது எல்லோரும் கார் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்கள். பழைய இரும்பு ஏற்றிவரும் லாரிகள், அவை கிளப்பும் கருப்புத் தூசி, தூசிக்கு நடுவே பஜ்ஜிக் கடை, கடைக்கு முன்னால் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டம். அந்த இடத்தில் கண்ணாடியை இறக்கச் சொல்லி, கண்ணை மூடி, மூச்சை ஆழமாக இழுத்து விடுகிற ஒரே மனிதரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். மலை உச்சியில் நிற்பவர் மாதிரி இழுப்பார். பிறகு என் பக்கம் திரும்பி, வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டதாக ஆங்கிலத்தில் சொல்வார். எனக்கு இருமல் வரும்.

அவர் ஐரோப்பாக்காரர். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த பிரஸ் கம்பெனி, கார் சீட்டுக்கு அடியில் வரும் சின்னச் சின்ன இரும்புப் பாகங்களைத் தகட்டில் அடித்து வெளிநாட்டுக்கு அனுப்பியது. வாங்குகிற கம்பெனியின் ஆள் இவர். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை வந்து சில நாள் தங்குவார். சரக்கு ஒழுங்காக இருக்கிறதா, அதைச் செய்கிறவர்களை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்ப்பது அவர் வேலை. நான் ஆபீஸில் இருந்தேன். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்ததால் எனக்கு இங்கிலீஷ் வரும். அதனால் அவர் வந்தால் விமான நிலையத்தில் தொடங்கி மெஷின் வரைக்கும் அவர் கூடவே நடந்து, அவர் சொல்வதை எங்கள் ஆட்களுக்கும் எங்கள் ஆட்கள் சொல்வதை அவருக்கும் சொல்ல வேண்டியது என் தலையில் விழுந்தது.

ஆரம்பத்தில் அவருக்கு எங்களைச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. மூக்கை மூடிய முகமூடி. பையில் அவர் ஊரிலிருந்தே கொண்டுவந்த ரொட்டி. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். நாற்காலியைத் துடைக்காமல் உட்கார மாட்டார். மெஷின்களுக்கு நடுவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார், எதுவும் மேலே பட்டுவிடக் கூடாது என்பது போல.

எதைப் பார்த்தாலும் 'நோ'. அவசர வாசலுக்கு முன்னால் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள், அதற்கு ஒரு நோ. அந்த வாசலில் பூட்டு தொங்கியது, அதற்கு ஒரு நோ. வெல்டிங் செய்கிற ஆளுக்குக் கண்ணாடி இல்லை என்றதும் அங்கேயே நின்றுவிட்டார். பெண்கள் கழிப்பறைக்கு என்னை அனுப்பி, உள்ளே எப்படி இருக்கிறது என்று கேட்டார். தாழ்ப்பாள் கிடையாது, ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றேன். பிளான்ட் மேனேஜரைக் கூப்பிட்டார். சாயங்காலத்துக்குள் தாழ்ப்பாள் வராவிட்டால் நாளைக்குக் கன்டெய்னர் கிளம்பாது என்று சொல்லச் சொன்னார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே தாழ்ப்பாள் வந்துவிட்டது. வருஷக்கணக்காக நாங்கள் கேட்டும் வராத தாழ்ப்பாள் அது.

ஆட்கள் அவருக்கு 'நோ சார்' என்று பெயர் வைத்தார்கள். நோ சார் வருகிறார் என்றால் புதுக் கையுறை வரும், நின்றுபோன மின்விசிறி சுற்றும், கேன்டீன் தரையைக் கழுவிவிடுவார்கள். 'அந்தாளு வந்தாத்தான்க்கா சாம்பார்ல பருப்பு கண்ணுக்குத் தெரியுது' என்று சுகந்தி சொல்வாள்.

சுகந்தி பிரஸ்ஸில் வேலை செய்தவள். கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் காலனியில் அடுத்த தெரு. அவள் மாமியாரும் என் அம்மாவும் ஒரே ஆண்டையின் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இப்போது அந்த நிலத்தில் குடோன் நிற்கிறது, நாங்கள் கம்பெனிக்குப் போகிறோம். சுகந்தியின் புருஷன் ரோலிங் மில்லில் கான்ட்ராக்ட் வேலை. பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் குழந்தை. காலையில் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு, சிரிப்பு முடிவதற்குள் தூங்கிப் போவாள்.

அவருக்கு எங்களைப் பிடிக்காமல் இருந்தவரைக்கும் எங்களுக்கு நல்லது நடந்தது. இதைச் சொன்னால் இப்போதும் பலர் நான் ஏதோ குதர்க்கம் பேசுவதாக நினைக்கிறார்கள்.

அவர் மாறியது ஓர் ஐப்பசி மழையில். விமான நிலையத்திலிருந்து வந்துகொண்டிருந்தோம். கவரைப்பேட்டைக்கு முன்னால் சர்வீஸ் ரோட்டில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். டிரைவர் அண்ணன் போய்விடலாம் என்று இறக்கினார், நட்ட நடுவில் வண்டி அணைந்துவிட்டது. எங்களுக்குப் பின்னால் கோழிக் கூண்டுகளை அடுக்கிய ஒரு லோடு ஆட்டோ. அதிலிருந்து நான்கு பேர் இறங்கி வந்தார்கள். முதலில் வந்தவர் கண்ணாடியைத் தட்டினார்.

"இன்னாயா, நடுரோட்ட பட்டா போட்டு வாங்கிக்கினியா? பின்னால கோழியெல்லாம் சாவுது. நவுரு."

அவர் என்ன சொல்கிறார் என்று இவர் கேட்டார். உதவி வேண்டுமா என்று கேட்கிறார் என்றேன். இரண்டு பேருக்கும் அதுதான் நல்லது என்று பட்டது.

நான்கு பேரும் காரைத் தள்ளி ஓரம் கட்டினார்கள். அவர்களுக்கு வழி வேண்டும், தள்ளினார்கள், அவ்வளவுதான். இவர் கீழே இறங்கியபோது ஒரு காலின் ஷூ சேற்றில் மாட்டிக்கொண்டது. கோழிக்காரர்களில் ஒருவர் தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவி அதை எடுத்து, மீன் பிடித்ததைக் காட்டுவது போலத் தூக்கிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். எதிரே டீக்கடைக்காரர் ஒரு துண்டு கொடுத்தார், கண்ணாடி கிளாஸில் டீ கொடுத்தார். மூடி போட்ட பாட்டிலைக்கூட நம்பாத மனிதர் அந்த டீயைக் குடித்தார். கார் கிளம்பவே இல்லை என்றதும் கோழிக்காரர்கள் அவரையும் என்னையும் லோடு ஆட்டோவில் முன்னால் திணித்துக்கொண்டு கம்பெனி வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். தலையில் ஒரு கோழி இறகோடு அவர் உள்ளே நுழைந்தார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன் நாங்கள் பார்த்ததில்லை.

அந்தக் கதையை அவர் சொல்லாத ஆள் கிடையாது. ஒவ்வொரு தடவையும் கதை வளர்ந்தது. நான்கு பேர் ஒரு கூட்டமானார்கள். முழங்கால் தண்ணீர் மார்பு வரை ஏறியது. கோழிகள் மட்டும் காணாமல் போய்விட்டன. எங்கிருந்தோ வந்தார்கள், எதையும் கேட்கவில்லை, என் ஷூவைக்கூடத் தேடிக் கொடுத்தார்கள் என்று கண் கலங்கச் சொல்வார். பக்கத்தில் நின்று நான் தமிழில் சொல்வேன். கேட்கிற எங்கள் ஆட்கள் பெருமையாகத் தலையாட்டுவார்கள். அவர்களில் எத்தனை பேர் அதே சர்வீஸ் ரோட்டில் வண்டியோடு விழுந்து எழுந்தவர்கள் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த தடவை முகமூடி இல்லை, ரொட்டி இல்லை. வேலைக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்து இறங்கி, நல்ல ஹோட்டலை விட்டுவிட்டுப் பாரிமுனையில் ஒரு லாட்ஜில் அறை எடுத்திருந்தார். சௌகார்பேட்டைச் சந்துகளில் நடந்தேன், மாடு வழிவிடவில்லை, நான்தான் மாட்டுக்கு வழிவிட்டேன் என்று பூரிப்போடு சொன்னார். மின்கம்பத்தில் சிக்கிக் கிடக்கும் வயர்களைப் படம் எடுப்பார். தள்ளுவண்டியில் நாஷ்டா சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொண்டு, அதையும் ஒரு பாக்கியம் போலச் சொல்வார். டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டால் ஜன்னலில் சாய்ந்து படம் பார்ப்பவர் மாதிரி பார்ப்பார். அதே டிராஃபிக்கில் மாட்டினால் எனக்கு அரை நாள் சம்பளம் போகும்.

அவர் கற்றுக்கொண்ட முதல் தமிழ் வார்த்தை 'இன்னா'. இரண்டாவது 'பேஜாரு'. அதை மகிழ்ச்சியாக இருக்கும்போதெல்லாம் சொல்வார். மற்றபடி எல்லாவற்றுக்கும் 'சூப்பர்'. அது தமிழ் வார்த்தை என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்களின் வாயிலிருந்து கற்றுக்கொண்டது, நாங்கள் சொல்வது போலவே இழுத்துச் சொல்வார். நோ சார் என்ற பெயர் போய் சூப்பர் சார் ஆனது.

அவருக்கும் ஒரு குறை இருந்தது, இல்லாமல் இல்லை. அவர் ஊரில் சாயங்காலம் ஆனால் தெருவில் விளக்குக் கம்பங்கள் மட்டும்தான் நிற்குமாம். மனைவி பிரிந்து போய்விட்டார். வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம்தான் துணை என்றார். ஒரு நாள் கார் வேண்டாம் என்று அடம்பிடித்து, கும்மிடிப்பூண்டியிலிருந்து ஷேர் ஆட்டோவில் என்னோடு வந்தார். அவருக்கும் எனக்கும் நடுவில் யாரோ ஒரு பெண் தன் குழந்தையைச் செருகினாள். குழந்தை அவர் தோளில் சாய்ந்து, எச்சில் ஒழுகத் தூங்கிவிட்டது. அவர் இறங்க வேண்டிய இடம் வந்தும் இறங்கவில்லை. குழந்தை விழித்துக்கொள்ளும் என்று சைகை காட்டினார். அன்றைக்கு மட்டும் எனக்கு அவர் மேல் எரிச்சல் வரவில்லை.

ஆனால் அது அன்றைக்கு மட்டும்தான். அடுத்த முறை புதுவாயலில் சிக்னலுக்கு நின்றபோது, லாரிகளுக்கு நடுவே புகுந்து ரோட்டைக் கடக்கும் பெண்களைக் காட்டி, இது நடனம் மாதிரி இருக்கிறது என்றார். என் சித்தப்பா இதே இடத்தில் கடக்கும்போதுதான் லாரி ஏறிச் செத்தார் என்று சொன்னேன். உடனே முகம் வாடி என் கையைத் தொட்டார். பிறகு, அப்படியும் நீங்கள் எல்லோரும் தினமும் கடக்கிறீர்களே, எவ்வளவு தைரியம் என்றார்.

அந்தப் பக்கம் வீடு, இந்தப் பக்கம் கம்பெனி, மேம்பாலம் கிடையாது. கடக்காமல் என்ன செய்வோம் என்று கேட்டால் அவருக்குப் புரிந்திருக்காது. அவருக்குப் பிடித்தவர்கள் கஷ்டப்பட்டால் அந்தக் கஷ்டமும் அவருக்குப் பிடித்துவிடும். அவர் குணமே அதுதான்.

லஞ்சம் வாங்கியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வெறுப்பு இருந்திருக்காது. ஒரு பட்டுச் சால்வையைக்கூட வாங்க மாட்டார். எங்கள் எம்.டி. ஆந்திரா எல்லைக்காரர், கிண்டியில் கோல்ஃப் விளையாடக் கூப்பிட்டுப் பார்த்தார், பெரிய ஹோட்டலில் விருந்து வைத்துப் பார்த்தார். இவர் எதற்கும் மசியவில்லை. கேன்டீனில் ஆட்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். பிறகுதான் எம்.டி.க்கு விஷயம் பிடிபட்டது. 'நைனா, அவர ஏசி ரூம்ல வெக்காதீங்க. வெளிய சுத்த வுடுங்க' என்று மேனேஜரிடம் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

சுற்றிவிட்டு வந்தால் அவர் கண்ணில் எதுவும் படாது. அவசர வாசலுக்கு முன்னால் மறுபடியும் பெட்டிகள் ஏறின. அவர் உடம்பை ஒருக்களித்து அதற்குள் நுழைந்து வெளியே போய், சௌகார்பேட்டை மாதிரியே இருக்கிறது என்று சிரித்தார். கழிப்பறைத் தாழ்ப்பாள் உடைந்துபோயிருந்தது. அவர் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். சொல்கிறேன் என்றார், ஆட்களோடு செல்ஃபி எடுப்பதில் மறந்துவிட்டார்.

பிரஸ் என்பது மேலிருந்து ஓர் இரும்புத் தலை இறங்கித் தகட்டை ஒரே அடியில் வளைக்கிற மெஷின். அது இறங்க வேண்டும் என்றால் இரண்டு ஓரத்திலும் இருக்கிற இரண்டு பொத்தான்களை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும். கை இரண்டும் பொத்தானில் இருக்கும்போது அடியில் மாட்ட முடியாது. அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. அவர் நோ சாராக இருந்த காலத்தில், எந்த மெஷினுக்குப் போனாலும் முதலில் அந்தப் பொத்தான்களைத்தான் பார்ப்பார்.

அந்த வருஷம் ஆர்டர் அதிகம். சூப்பர்வைசர் எல்லா மெஷினிலும் ஒரு பொத்தானை அமுக்கினபடியே டேப் போட்டு ஒட்டச் சொல்லியிருந்தார். அப்படிச் செய்தால் ஒரு கையால் அடிக்கலாம், இன்னொரு கையால் தகட்டை மாற்றிக்கொண்டே இருக்கலாம். ஒட்ட மாட்டேன் என்றவர்களை லாரியில் பெட்டி ஏற்றும் லோடிங்குக்கு அனுப்பினார்கள்.

அவர் வந்தார். நானும் மேனேஜரும் கூட நடந்தோம். சுகந்தியின் மெஷினுக்கு முன்னால் நின்றார். டேப்பைப் பார்த்தார். மேனேஜரின் முகம் வெளுத்துவிட்டது. இப்போது நோ வரும் என்று நானும் காத்திருந்தேன். சுகந்தியும் வேலையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

அவர் சிரித்தார். தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். எங்கள் நாட்டில் இன்ஜினியர்கள் வருஷக்கணக்காக யோசித்து ஒன்றைச் செய்வார்கள், நீங்கள் ஒரு துண்டு டேப்பில் முடித்துவிடுவீர்கள் என்றார். போனை எடுத்துப் படம் பிடித்தார். பிறகு மேனேஜரிடம், இதையெல்லாம் எடுத்துவிடுங்கள், சரியா என்று செல்லமாக விரலை ஆட்டிச் சொல்லிவிட்டு அடுத்த மெஷினுக்குப் போனார். போகும்போது சுகந்தியைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தி 'சூப்பர்' என்றார்.

"இன்னாக்கா சொல்றாரு?" என்று சுகந்தி கேட்டாள்.

எடுக்கச் சொல்கிறார் என்றேன். யாரும் எடுக்கவில்லை. அவர் கார் கேட்டைத் தாண்டுவதற்குள் மெஷின்கள் பழையபடி ஓட ஆரம்பித்தன.

மூன்று வாரம் கழித்துச் சுகந்தியின் வலது கை மாட்டியது. பக்கத்து மெஷினில் யாரோ கூப்பிட்டார்கள், திரும்பினாள், அவ்வளவுதான். இரண்டு விரல்கள் அங்கேயே போயின. மூன்றாவதை ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். அவளைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் அவசர வாசல் வழியாகப் போக முடியாமல் சுற்றிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நான் கம்பெனிக்குத் திரும்பியபோது, எந்த மெஷினிலும் டேப் இல்லை. பொத்தான்களைப் பெட்ரோல் போட்டுத் துடைத்திருந்தார்கள். அன்றைக்கே ஒரு பேச்சும் கிளம்பிவிட்டது. சீக்கிரம் முடித்துவிட்டு உட்காரலாம் என்று அவளாகவே ஒட்டிக்கொண்டாளாம். கவனக்குறைவாம்.

செய்தி போய்ச் சேர்ந்து அவர் வந்தார். நேராகச் சுகந்தியின் வீட்டுக்குத்தான் கூட்டிப் போகச் சொன்னார். அதைச் சொல்லியாக வேண்டும். பழங்கள் வாங்கிக்கொண்டார். குழந்தைக்கு ஒரு பொம்மை. சுகந்தி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மாமியார் இடது கைப்பக்கம் நின்று விசிறிக்கொண்டிருந்தார். சூப்பர் சார் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கண்ணீர் கொட்டியது. எங்கள் நாட்டில் இப்படி ஒன்று நடந்தால் அடிபட்டவர் உடைந்து போயிருப்பார், இவளைப் பாருங்கள், இவ்வளவு வலியிலும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், நீங்கள் எல்லோரும் எதனால் செய்யப்பட்டவர்கள் என்று என்னிடம் கேட்டார்.

"இன்னா சொல்றாரு?" என்றாள் சுகந்தி.

ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

"நான் எங்க சிரிச்சேன்? வலி தாங்காம பல்லக் கடிச்சிக்கினு கீறேன். அத சொல்லு."

அதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் தலை குனிந்தது. சுகந்தி விடவில்லை.

"டேப்பு ஒட்டுனத அவரு கண்ணால பாத்தாரு. போட்டோ புடிச்சாரு. நானே ஒட்டிக்கினேன்னு இப்ப சொல்றாங்க. எல்லா மிஷின்லயும் இருந்திச்சின்னு அவரு ஒரு வார்த்த சொல்லட்டும். வேற ஒன்னும் வேணாம். பழம்லாம் வேணாம்."

சொன்னேன். அவர் அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு, தமிழிலேயே 'கண்டிப்பா' என்றார். எங்கள் எம்.டி.யிடமிருந்து கற்றுக்கொண்ட வார்த்தை.

மறுநாள் அரசாங்கத்திலிருந்து விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். நிதானமானவர். மீட்டிங் ரூமில் எம்.டி., மேனேஜர், இவர், மொழிபெயர்க்க நான். அதிகாரி நேராகவே கேட்டார், இதற்கு முன் வந்தபோது மெஷின்களில் பொத்தான்களை ஒட்டியிருந்ததைப் பார்த்தீர்களா என்று. நான் ஆங்கிலத்தில் சொன்னேன். இவர் மேஜையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. குறிப்பாக எதுவும் நினைவில் இல்லை என்றார்.

அதை நான் தமிழில் சொல்ல வேண்டும். என் வாயால் சொல்ல வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஞாபகம் இல்லன்னு சொல்றாரு சார். எனக்கு ஞாபகம் இருக்கு. நான் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன். எல்லா மிஷின்லயும் ஒட்டியிருந்தாங்க."

மேனேஜர் எழுந்து நின்றார். அதிகாரி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, நான் சொன்னதை எழுதிக்கொண்டார். இவர் என்னிடம் என்ன நடக்கிறது என்று மெதுவாகக் கேட்டார். ஒன்றுமில்லை, உங்களுக்கு ஞாபகமில்லாததைச் சொன்னேன் என்றேன்.

அன்று சாயங்காலம் அவரை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விடுவதும் என் வேலையாகத்தான் இருந்தது. வழியில் அவராகவே பேசினார். நான் உண்மையைச் சொன்னால் என் கம்பெனி இங்கே ஆர்டரை நிறுத்திவிடும், இத்தனை குடும்பங்கள் என்ன ஆகும், இந்த ஊருக்கு என்னால் அதைச் செய்ய முடியாது, இதை நான் எவ்வளவு நேசிக்கிறேன் என்று உனக்குத் தெரியும் என்றார். என்னையும் திரும்ப இங்கே அனுப்ப மாட்டார்கள் என்பதைக் கடைசியாக, சன்னமாகச் சொன்னார். அவள் உங்களிடம் ஒரு வார்த்தைதான் கேட்டாள் என்றேன்.

அவர் அழ ஆரம்பித்தார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த டிரைவர் அண்ணன், "இன்னாம்மா, ஊருக்குப் போறதுக்கு அழுவுறாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பொத்தானை ஒட்டச் சொன்னது யார் என்பது கடைசிவரை முடிவாகவில்லை. ஆனால் கவனக்குறைவு என்று சுகந்தியின் மேல் போட்டிருந்த பழியை எடுத்துவிட்டார்கள். அதனால் சட்டப்படி அவளுக்கு வர வேண்டிய நஷ்டஈடு வந்தது. வேலை போனது. என்னையும் அடுத்த மாதமே வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பார்த்துக்கொண்டேன், இப்போது செங்குன்றத்தில் ஒரு குடோன் ஆபீஸில் இருக்கிறேன். ஆர்டர் நிற்கவில்லை. அவர் வருவதும் நிற்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

போன தை மாதம் நானும் சுகந்தியும் சென்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு மத்தியான வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். கும்மிடிப்பூண்டி லோக்கல், வழக்கமான கூட்டம், இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம். திருவொற்றியூரில் ஏறியவர்களோடு அவரும் ஏறினார். பருத்திச் சட்டை, தோளில் ஜோல்னாப் பை, கழுத்தில் கர்ச்சீப். வேர்த்து ஊற்றியது. முகம் நிறையச் சந்தோஷம். உட்கார்ந்திருந்த ஒருவர் வெளிநாட்டுக்காரர் என்று பார்த்து எழுந்து இடம் கொடுத்தார். கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

உட்கார்ந்த பிறகுதான் என்னைப் பார்த்தார். என் பெயரைச் சத்தமாகச் சொல்லி இரண்டு கையையும் நீட்டினார். ரிட்டயர் ஆகிவிட்டாராம். வருஷத்தில் பாதி இங்கேதான், பாரிமுனையில் அறை, எந்த பஸ் எங்கே போகும் என்பது அத்துப்படியாம். பொன்னேரியில் இறங்கிப் பழவேற்காட்டுக்குப் பறவை பார்க்கப் போகிறாராம். தமிழும் இங்கிலீஷும் கலந்து கொட்டினார். சுற்றியிருந்தவர்கள் ரசித்துக் கேட்டார்கள். கம்பெனி எப்படி, கேன்டீன் அம்மா எப்படி, டிரைவர் எப்படி என்று வரிசையாக விசாரித்தார். நான் அங்கே இல்லை என்றேன். அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

இது சுகந்தி என்றேன்.

"சுகந்தி, சூப்பர்" என்று முகம் மலர அவளைப் பார்த்தார். யார் என்று தெரியவில்லை. முகம் தெரியாதவர்களிடமும் அவர் அப்படித்தான் சொல்வார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. இடது கையில் பை இருந்ததால், வலது கையில் மிச்சமிருந்த விரல்களால் அவர் தலைக்கு மேலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் நிமிர்ந்து அந்தக் கையைப் பார்த்தார்.

பக்கத்தில் இருந்தவர் எந்த ஊர் சார் என்று கேட்டார். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எண்ணூரில் சாம்பல் தூசி உள்ளே வந்தது, முகத்தைத் துடைத்துக்கொண்டார். மீஞ்சூரில் வண்டி நின்றதும் பையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், கூட்டத்தை இடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். பொன்னேரி இன்னும் வரவில்லை சார் என்று பின்னாலிருந்து இரண்டு பேர் கூப்பிட்டார்கள். அவர் பிளாட்பாரத்தில் படியைப் பார்த்து நடந்து போனார்.

காலியான இடத்தில் சுகந்தி உட்கார்ந்தாள். பையை என்னிடம் கொடுத்தாள்.

"கவரப்பேட்ட வந்தா எழுப்புக்கா" என்று சொல்லிவிட்டு, ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிப் போனாள்.